வாலிகண்டபுரம் கண்ட இராபர்ட் கிளைவ்

புறத்திணையை வகுத்த நம் முன்னோர் போரை வீரத்தின் களமாக மட்டுமே கண்டவர் அல்லர். அஞ்சிப் புறமுதுகிட்டு ஓடுவார்மேல் படைக்கலம் ஓச்சாத பெருந்தகைமையைத் தழிஞ்சி என்னும் துறையாக்கிப் பேசுகிறது புறப்பொருள் வெண்பாமாலை. முதுகில் புண்பட்ட நாணம் தாளாமல் வடக்கிருந்து உயிர்நீத்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூறு போற்றுகிறது. மகன் புறங்கொடுத்தான் என்று ஊரார் சொல்லக் கேட்ட முதியவள் வாளேந்திப் பிணங்களிடையே அவனைத் தேடிய காட்சியைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிவைத்தார். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலோ, தோற்றோடும் கலிங்க வீரர் தலைமயிரைப் பறித்துச் சமணராகவும் வேறு பல கோலத்தினராகவும் வேடம் பூண்டு உயிர் தப்பும் பகுதி நகைச்சுவையாகவே நடக்கிறது. அப்பரணியின் பாட்டுடைத் தலைவனான முதற் குலோத்துங்கன் வீற்றிருந்து ஆண்ட கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

இந்தப் பாடல்களிலெல்லாம் அச்சம் ஒன்று பகைவனுடையது, அல்லது மானத்தால் கழுவப்பட வேண்டியது. வென்றவனுக்குள் இருந்த அச்சம் என்ன ஆயிற்று என்னும் கேள்வியை நம் மரபு மிகுதியும் எழுப்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பரணி எனத்தக்க போர்த் திரைப்படம் அக்கேள்வியை எழுப்பியது. 1930இல் வெளிவந்த ‘மேற்கு முனையில் எல்லாம் அமைதி’ முதல் 1985இல் எலெம் கிளிமோவ் எடுத்த ‘வந்து பார்’ வரை, அத்துறையின் சிறந்த படங்கள் கொடியையும் முரசையும் விட்டுவிட்டுப் பதுங்குகுழியில் நடுங்கும் மனிதனின் கண்களைக் காட்டின. போர் மனிதனைப் பித்தனாக்குகிறது. பித்தனாகாதவனையும் அச்சம் அரித்துத் தின்கிறது. அப்படங்கள் சொன்ன செய்தி இதுவே.

இச்செய்தியை அறிய நாம் அயல்நாட்டுத் திரைக்குத்தான் போக வேண்டுமென்பதில்லை. பெரம்பலூரிலிருந்து வடக்கே, சென்னை நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணுக்கு இரஞ்சன்குடிக் கோட்டை தப்பாது. அதன் அருகே உள்ளது வாலிகண்டபுரம். அங்கே 1751ஆம் ஆண்டில் ஒரு படை அஞ்சி ஓடியது. ஓடியவர்களைத் தடுக்க முயன்று தோற்றவர்களுள் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். பின்னாளில் இந்தியாவில் ஆங்கில ஆட்சிக்கு அடிக்கல் நாட்டியவர் என்று உலகம் சொல்லும் இராபர்ட் கிளைவே அவர். அவர் வரலாறு நமக்குப் பள்ளிப்பாடம். ஆற்காடு, பிளாசி என்னும் இரண்டு பெயர்களோடு அப்பாடம் முடிந்துவிடும். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து அவர் வாழ்வைப் பார்த்தால் தெரிவது வேறு.

இளமையும் கைத்துப்பாக்கியும்

கிளைவ் 1725 செப்டம்பர் 29ஆம் நாள் இங்கிலாந்தின் சுராப்ஷயர் பகுதியில், மார்க்கெட் டிரெய்ட்டன் என்னும் சிற்றூரை அடுத்த ஸ்டைச் என்ற பண்ணையில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், பழங்குடிப் பெருமை உண்டு, அதற்கேற்ற செல்வம் இல்லை. குழந்தைகள் பதின்மூவரில் இவர் மூத்தவர். சிறு பருவத்தில் பெற்றோரைப் பிரிந்து மான்செஸ்டரில் சிற்றன்னை வீட்டில் சில ஆண்டுகள் வளர்ந்தார். ஊர்க் கோயில் கோபுரத்தின் உச்சியில் ஏறிக் கல்லால் ஆன பூதத்தலையின்மேல் உட்கார்ந்திருந்தான் என்றும், கடைக்காரர்களை மிரட்டிக் காசு பறித்த சிறுவர் கூட்டத்திற்குத் தலைவனாய் இருந்தான் என்றும் அச்சிறுவனைப் பற்றிக் கதைகள் உண்டு. அச்சம் அறியாத பிள்ளை என்று காட்டவே இக்கதைகள் சொல்லப்பட்டன. பின்னர் வந்த நாள்களைப் பார்க்கும்போது, தன் உயிரைப் பொருட்டாக எண்ணாத ஒரு மனத்தின் தொடக்கமும் அவற்றில் தெரிகிறது.

வீட்டுக்கு அடங்காத மகனுக்குத் தந்தை கிழக்கிந்தியக் கும்பினியில் எழுத்தர் வேலை தேடிக் கொடுத்தார். 1743இல் புறப்பட்ட கப்பல் பிரேசில் கரையில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்து, 1744 ஜூனில்தான் சென்னை வந்து சேர்ந்தது. ஆண்டுச் சம்பளம் ஐந்து பவுண்டு. தெரிந்தவர் எவருமில்லை, வழிச்செலவில் கடனும் ஏறியிருந்தது. வெயிலில் துணிக்கட்டுகளை எண்ணிப் பேரேட்டில் எழுதுவது வேலை. பத்தொன்பது வயது இளைஞர் ஊர் நினைவில் மனம் குன்றிப்போனார். புனித ஜார்ஜ் கோட்டையில் தம் அறையில் அமர்ந்து தலையில் கைத்துப்பாக்கியை வைத்து இருமுறை விசையை அழுத்தினார் என்றும், இருமுறையும் அது வெடிக்கவில்லை என்றும், பின்னர் உள்ளே வந்த நண்பர் அதையே சன்னலுக்கு வெளியே நீட்டி அழுத்தியபோது வெடித்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதையின் நுணுக்கங்கள் எப்படியாயினும், அவருடைய மனத்தளர்ச்சி கதையன்று. இடைவிட்டு இடைவிட்டு வந்து, வாழ்நாள் முழுதும் அது அவரைத் தொடர்ந்தது.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயின் கை ஓங்கிய காலம் அது. அக்காலத்துச் செய்திகளைத் துய்ப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். கிளைவ் உள்நாட்டார் உடையில் உருமாறிக் கடலூரிலிருந்த புனித டேவிட் கோட்டைக்குத் தப்பி ஓடினார். வேடம் பூண்டு ஓடிய கலிங்கரைக் கண்டு நகைத்த நாம் இங்கே நின்று எண்ண வேண்டும். பேரேட்டுக் கணக்கரைப் படைவீரராக்கியது இந்த ஓட்டமே. 1747இல் அவர் படையில் சேர்ந்தார்.

1749இல் கொள்ளிடக் கழிமுகத்தருகே தேவிகோட்டையைத் தாக்கியபோது முன்னணிப் பிரிவை நடத்திச் சென்றார். பின்தொடர வேண்டிய சிப்பாய்கள் வரவில்லை. தஞ்சைக் குதிரைப்படை பக்கத்திலிருந்து பாய்ந்தது. உடன் சென்ற வெள்ளைப் படையினர் 34 பேரில் 26 பேர் சில நொடிகளில் வெட்டுண்டனர். தம்மை நோக்கி ஓங்கிய வாளுக்கு ஒதுங்கி உயிர் பிழைத்தார் கிளைவ். அடுத்த ஆண்டில் நரம்பைத் தளர்த்தும் காய்ச்சல் ஒன்று அவரைப் பற்றியது. உடல் தேறக் கடற்காற்று வேண்டி வங்கக் கரைக்கு அனுப்பினர். தேவிகோட்டைக்கும் இக்காய்ச்சலுக்கும் தொடர்புண்டா என்று அக்கால மருத்துவம் கேட்கவில்லை. முதல் உலகப்போரில்தான், குண்டடி படாமலே நிலைகுலைந்த வீரர்களின் நோய்க்கு மருத்துவர் பெயர் தேடத் தொடங்கினர்.

வாலிகண்டபுரத்தில்

ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் மடிந்தார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒடுங்கினார். பிரெஞ்சுத் துணையோடு சந்தா சாகிபு நவாபாகித் திருச்சியை நோக்கிப் படையெடுத்தார். ஆங்கிலேயர் முகம்மது அலிக்குத் துணையாக 1751இல் கடலூர்ப் பக்கமிருந்து ஒரு படையை அனுப்பினர். ஏறத்தாழ 500 ஐரோப்பியர், 100 ஆப்பிரிக்க வீரர், 1,000 சிப்பாய்கள், 8 பீரங்கிகள். தலைவர் ஜிஞ்சன் என்ற சுவிட்சர்லாந்து நாட்டவர். கிளைவ் இப்படைக்கு உணவும் தளவாடமும் சேர்க்கும் பொறுப்பில் உடன் வந்தார். விருத்தாசலம் கோயிலைப் பிடித்துக் காவல் வைத்துவிட்டுப் படை வாலிகண்டபுரத்தை அடைந்தது. ஆங்கில ஆவணங்கள் அதனை வோல்கொண்டா என்று குறிக்கின்றன.

அன்று திருச்சிக்கு வடக்கிலிருந்து செல்லும் பெருவழி இதுவே. கிழக்கே அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களின் அடர்ந்த காடுகள். தெற்கே ஊட்டத்தூர்க் கணவாய். நடுவே பாறைமேல் அடுக்கடுக்காக மதில் சூழ்ந்த கோட்டை. அதன் காவலனான கில்லேதாரைத் தம் பக்கம் இழுக்க இரு படைகளும் பேரம் பேசின. அவரோ, எவர் வெல்வார் எனத் தெரியும்வரை இருவருக்கும் நல்லவராக இருக்கப் பார்த்தார். இரு மதயானைகளுக்கு நடுவே அகப்பட்டவன் வேறென்ன செய்வான்? நாள்கள் நகர்ந்தன. பொறுமையிழந்த ஆங்கிலப் படை ஓரிரவு பேட்டைக்குள் புகுந்து தீ வைத்தது. கோட்டை பிடிபடவில்லை. கில்லேதார் பிரெஞ்சுக்காரரை உதவிக்கு அழைத்தார். எரிந்தவை எவருடைய வீடுகள், அவ்விரவில் அவர்கள் எங்கே ஓடினர் என்பது பற்றி எந்த ஆவணத்திலும் சொல்லில்லை.

காலையில் தொத்தேய் என்னும் பிரெஞ்சுத் தளபதியின் படையும் சந்தா சாகிபின் குதிரைகளும் அணுகின. கோட்டையிலிருந்தும் பீரங்கிகள் முழங்கின. ஆங்கில அதிகாரிகள் தாக்குவதா, பின்வாங்குவதா என்று தயங்கினர். தயக்கம் தொற்றுநோய் போன்றது. அதிகாரியின் முகத்திலிருந்து வீரனின் காலுக்கு இறங்குகிறது. ஐரோப்பியப் படையணி திடீரென்று திகில் பிடித்து ஓடத் தொடங்கியது. பெரிய இழப்பு ஏதும் நேரவில்லை, தோற்றதாகவும் சொல்ல முடியாது, ஆயினும் ஓடினர். ஜிஞ்சன், டால்ட்டன், கில்பாட்ரிக் முதலிய அதிகாரிகளும் கிளைவும் குறுக்கே நின்று தடுத்தும் பயனில்லை. முகம்மது அலியின் தம்பி அப்துல் வகாபு கான் குதிரையில் வந்து, தம் வீரர் நின்று பொருதுகையில் இவர்கள் ஓடுவதைச் சுட்டி இடித்துரைத்தார். அதுவும் செவியில் ஏறவில்லை.

களத்தில் நின்றவர்கள் எவர் என்பதை, கும்பினிப் போர்களின் வரலாற்றை எழுதிய இராபர்ட் ஓர்ம் மறைக்காமல் பதிந்திருக்கிறார். ஓர்ம் கிளைவின் நண்பர். கேரளக் கரையில் அஞ்சுதெங்கில் பிறந்தவர். ஐரோப்பியர் ஓடிய பிறகும் ஆப்பிரிக்க வீரர்கள் நின்றனர். இறந்தோரையும் காயம்பட்டோரையும் சுமந்து வந்தனர். பெரும்பாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். எவருடைய போர் இது, எவருக்காகச் சாகிறோம் என்று கேட்க அவர்களுக்கே முதல் உரிமை இருந்தது. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை.

ஓடிய படை இரவோடிரவாக ஊட்டத்தூர்க் கணவாயை அடைந்தது. அங்கும் நிலைகொள்ளாமல் கொள்ளிடம் கடந்து, திருவரங்கத்தையும் கைவிட்டுத் திருச்சி மதிலுக்குள் புகுந்தது.

ஸ்டான்லி குப்ரிக் 1957இல் எடுத்த ‘புகழின் பாதைகள்’ இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையொன்று, கைப்பற்ற இயலாத ஒரு குன்றைத் தாக்க ஏவப்படுகிறது, தாக்குதல் குலைகிறது. அதன் பழியை மேலதிகாரிகள் கோழைத்தனம் என்னும் பெயரில் மூன்று எளிய வீரர்மேல் ஏற்றி அவர்களைச் சுட்டுக் கொல்கின்றனர். பிரான்சில் அப்படம் 1975 வரை திரையிடப்படவில்லை. அஞ்சியவன் குற்றவாளியா, அஞ்சும்படியான இடத்தில் அவனை நிறுத்தியவன் குற்றவாளியா என்பதே படத்தின் வினா. வாலிகண்டபுரத்தில் ஓடியவர்களும் இங்கிலாந்தின் வறுமையிலிருந்து கூலிக்கு வந்தவர்களே. அவர்களைக் கோழையர் என்று எழுதிவிட்டு நகர்ந்தது வரலாறு. கிளைவ் நகரவில்லை. அன்று காலை கண்டதை அவர் மறக்கவில்லை என்பதற்கு அவருடைய பின்னைச் செயல்களே சான்று.

அச்சத்தைப் படைக்கலமாக்கியவர்

வாலிகண்டபுரத்திற்குப் பின் கிளைவ் அப்படையை விட்டு நீங்கிக் கடலூர் திரும்பினார். விருத்தாசலத்திற்குத் தளவாடம் கொண்டு சென்று மீளும் வழியில் பாளையக்காரரின் ஆட்கள் சூழ்ந்தனர். காவலுக்கு வந்த சிப்பாய்களில் பலர் மாள, அவரும் உடன் வந்த பிகாட்டும் குதிரையின் வேகத்தால் பிழைத்தனர். சில மாதங்களுக்குள் இரண்டாம் முறை ஓடியவர், மூன்றாம் முறை பிறரை ஓடவைக்க எண்ணினார். திருச்சியை மீட்கச் சந்தா சாகிபின் தலைநகரான ஆற்காட்டைத் தாக்க வேண்டும் என்னும் திட்டத்தை முன்வைத்தார். 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகள். எட்டு அதிகாரிகளில் பலர் முன்பின் போர் கண்டறியாதவர்.

வழியில் இடியும் மின்னலுமாகப் பெருமழை கொட்டியது. படை நிற்காமல் நடந்தது. ஒற்றர் இச்செய்தியைக் கொண்டுசெல்ல, இயற்கைக்கே அஞ்சாதவரை எதிர்ப்பது தீநிமித்தம் என்று எண்ணி, ஆற்காட்டுக் கோட்டையிலிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட காவற்படையினர் ஒரு குண்டும் சுடாமல் வெளியேறினர். வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயரைப் பற்றிய அதே திகில் ஆற்காட்டில் எதிரியைப் பற்றியது. திகில் எந்த நாட்டாருக்கும் தனியுடைமை அன்று என்பதைக் கிளைவ் இதற்குள் நன்கு கற்றிருந்தார். பின்னர் சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபு ஏறத்தாழ ஐம்பது நாள் முற்றுகையிட்டார். உள்ளே உணவு குறைந்தபோது சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துக் கஞ்சியைத் தாம் ஏற்றனர் என்றொரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ அன்றோ, முற்றுகையைத் தாங்கிய தோள்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுத் தோள்கள் என்பது உண்மை.

1752 ஏப்ரலில் அவர் சமயபுரத்தில் தங்கியிருந்தார். ஓரிரவு பிரெஞ்சுப் படையொன்று, தப்பியோடிய ஆங்கில வீரர்களை முன்னே விட்டுக் காவலை ஏமாற்றி உள்ளே புகுந்தது. கிளைவ் உறங்கிய சாவடிக்குள் குண்டுகள் பாய்ந்து அருகில் படுத்திருந்த பணியாள் இறந்தான். இருளில் பகைவரைத் தம்மவர் என்றெண்ணி அவர்களிடையே சென்று கண்டித்த கிளைவ் வாளால் வெட்டுண்டார். விடிந்தபின் குருதி இழந்து நிற்க மாட்டாமல், இருவர் தோள்களில் சாய்ந்தபடி கோயில் வாயிலில் பேச வந்தார். உள்ளிருந்து ஒருவன் சுட்டான். குண்டு கிளைவைத் தொடவில்லை. தாங்கி நின்ற இருவரையும் துளைத்தது. தேவிகோட்டை, விருத்தாசலம், சமயபுரம் என ஒவ்வொரு முறையும் தாம் பிழைக்கப் பக்கத்தில் நின்றவர் மாண்டதைக் கண்ட மனத்தில் என்ன தங்கியிருக்கும்? ஊழ் தம்மைக் காக்கிறது என்னும் செருக்கும், தமக்கு உரியதல்லாத உயிரைச் சுமக்கிறோம் என்னும் பாரமும் அங்கே ஒருங்கே குடியேறியிருக்கக் கூடும்.

சில வாரங்களில், ஊட்டத்தூரிலிருந்து பின்வாங்கிய தொத்தேயைத் துரத்திக்கொண்டு கிளைவ் மீண்டும் வாலிகண்டபுரம் வந்தார். ஓராண்டுக்கு முன் ஆங்கிலப் படையைத் திகிலுற வைத்த அதே தளபதி அதே இடத்தில் அவரிடம் சரணடைந்தார். வீரகாவியம் எழுதுவோர் இங்கே முற்றுப்புள்ளி வைப்பர். களம் அப்படி முடியவில்லை. திருவரங்கத்தில் அகப்பட்ட பிரெஞ்சுப் படை 1752 ஜூனில் பணிந்தது. உயிருக்கு உறுதி பெற்றுத் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிபு தலை வெட்டுண்டார். அத்தலை திருச்சி மதிலைச் சுற்றி ஒட்டகத்தில் கட்டிக் கொண்டுசெல்லப்பட்டது என்று ஓர்ம் எழுதுகிறார். தழிஞ்சியைப் பாடிய மண்ணில் நடந்தது இது.

பிளாசியும் பிறகும்

1753 பிப்ரவரியில் சென்னையில் மார்கரெட் மாஸ்கலினை மணந்து இங்கிலாந்து சென்ற கிளைவ், இரண்டாண்டில் மீண்டும் இந்தியா வந்தார். வங்காள நவாபு சிராஜ் உத்தௌலா 1756 ஜூனில் கல்கத்தாவைக் கைப்பற்ற, அதை மீட்கும் படைக்குக் கிளைவ் தலைவரானார். 1757 ஜூனில் பிளாசிக்கு முன், ஆற்றைக் கடந்து பெரும்படையை எதிர்ப்பதா, காத்திருப்பதா என்று அதிகாரிகளைக் கூட்டிக் கேட்டார். போர் வேண்டாம் என்ற பக்கமே தம் வாக்கையும் அளித்தார், பெரும்பான்மையும் அதுவே. பின்னர் மரத்தடியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியே இருந்து, திரும்பி வந்து ஆற்றைக் கடக்க ஆணையிட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எதை எண்ணினார் என்று எவரும் அறியார். தயங்கி நின்ற தலைவர்களின் கண்முன்னே ஒரு படை சிதறியதை நேரில் கண்டவர் அவர் என்பதை மட்டும் பெரம்பலூர்க்காரர்களாகிய நாம் நினைவூட்டலாம்.

ஜூன் 23ஆம் நாள் பிளாசியில் நடந்ததைப் போர் என்பதினும் பேரம் என்பதே பொருந்தும். மீர் ஜாபர் முன்னரே விலைபோயிருந்தார். ஆங்கிலேயர் பக்கம் இறந்தோர் சற்றேறக்குறைய இருபதின்மர். எவரை நம்புவது என்று அறியாத திகிலில் சிராஜ் களத்தை விட்டு ஓடினார். சில நாள்களில் கொல்லப்பட்டார். இடைத்தரகர் உமிச்சந்த், தமக்குக் காட்டிய ஒப்பந்தம் பொய்யானது என்று அறிந்து சித்தம் கலங்கினார் என்பது ஓர்மின் கூற்று. அது மிகை என்பாரும் உளர். பொய்யொப்பந்தம் எழுதுவித்தவர் கிளைவ் என்பதில் ஐயமில்லை. அவருக்குக் கிடைத்த பரிசு 2,34,000 பவுண்டு. பின்னர் ஆண்டுதோறும் 27,000 பவுண்டு வருவாயுள்ள ஜாகீர். ஐந்து பவுண்டுச் சம்பளக்காரர் பிரபுவானார். 1765இல் வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானி உரிமையைக் கும்பினிக்குப் பெற்றுத் தந்தார். 1769–70இல் வங்காளத்தைப் பஞ்சம் விழுங்கியது. அக்காலக் கணிப்பின்படி மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர். வரி தண்டுவது நிற்கவில்லை. கிளைவ் அப்போது இங்கிலாந்தில் இருந்தார் என்பது அவருக்குச் சாதகமான வாதமாகலாம். வரி தண்டும் உரிமையை வாங்கியது அவர் கை என்பதை அவ்வாதம் மாற்றாது.

1772, 73ஆம் ஆண்டுகளில் பாராளுமன்றம் அவரைக் கூண்டில் நிறுத்தாத குறையாக விசாரித்தது. பெற்ற பணத்தைப் பதிவு செய்தது. நாட்டுக்குச் சிறந்த தொண்டாற்றினார் என்றும் தீர்மானித்தது. விடுதலையாகியும் அவருக்கு அமைதியில்லை. வயிற்று வலியும் மனத்தளர்ச்சியும் வாட்ட, அபினியை நாடினார். 1774 நவம்பர் 22ஆம் நாள் இலண்டன் பெர்க்லி சதுக்கத்தில் தம் இல்லத்தில் இறந்தார், வயது 49. பேனாக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டார் என்பது பலர் கருத்து. அபினி மிகையே காரணம் என்பர் சிலர். பிறந்த ஊருக்கு அருகே மோர்ட்டன் சே என்னும் சிற்றூர்க் கோயிலில், இடம் குறிக்கும் கல்லும் இன்றிப் புதைக்கப்பட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் வெடிக்காத துப்பாக்கியின் வேலையை இன்னொரு கருவி முடித்தது.

இவருடைய மூத்த மகன் எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்தார். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் அவர் காலத்தில்தான்.

திரை காட்டியதும் காட்டாததும்

1935இல் ஹாலிவுட் ‘கிளைவ் ஆஃப் இந்தியா’ என்ற படத்தை எடுத்தது. ரொனால்டு கோல்மன் கிளைவாக நடித்தார். யானைகள் முட்டி மோதும் பிளாசிக் களம் அதன் பெருங்காட்சி. பேரரசு நிலைத்திருந்த நாளில் எடுக்கப்பட்ட படம் பேரரசுக்கு உகந்த வீரரையே கண்டது. நம் பக்கத்தில் 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ தமிழர் நெஞ்சில் விடுதலை உணர்வை மூட்டியது. அதன் பெருமை குறையாது. ஆனால் இங்கும் வீரம் நாயகனுக்கு, அச்சம் காட்டிக்கொடுப்பவனுக்கு என்னும் பங்கீடு மாறவில்லை. கிளைவ் காலத்துக் கும்பினிப் படையில் உயர்ந்து, பின் அதே கும்பினியை எதிர்த்து 1764இல் தூக்கிலிடப்பட்ட மருதநாயகத்தின் கதையைக் கமல்ஹாசன் 1997இல் படமாக்கத் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை. இரு பக்கத்தாரிடையே கிழிபட்ட ஒரு மனத்தைத் தமிழ்த்திரை உள்ளிருந்து காட்ட வாய்த்த தருணம் கைநழுவியது.

கிளைவின் உண்மைக்கு மிக அண்மையில் வந்த படத்தில் கிளைவ் இல்லை. கொப்போலா 1979இல் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் நவ்’ வியட்நாம் போரைப் பற்றியது. அதன் வேர் கான்ராடு 1899இல் எழுதிய குறுநாவல். அதில் வரும் குர்ட்ஸ் ஒரு வணிகக் கும்பினியின் முகவர். ஆப்பிரிக்கக் காட்டில் தந்தம் சேர்க்கப் போனவர், தடுப்பார் எவருமின்றி அதிகாரம் கைவர, பித்தின் எல்லையைக் கடக்கிறார். பித்து ஓர் ஆளின் மூளையில் தோன்றிய கோளாறா, அவரை அங்கே அனுப்பிய கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்ததா என்பதே கான்ராடும் கொப்போலாவும் எழுப்பும் ஐயம். துணிக்கட்டுகளை எண்ண வந்த எழுத்தர் ஒருவர் நாடுகளை எண்ணத் தொடங்கியதும் அதே பித்தின் வேறொரு வடிவமே.

அவர்மேல் இரக்கம் கொள்வது அவர் செய்ததை மன்னிப்பதாகாது. அவருடைய இரவுகள் துயரமானவை. அவரால் பசித்து மாண்டோரின் இரவுகள் அதனினும் துயரமானவை. இரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொள்ளும் வலிமை வரலாற்று நூலுக்கு அரிது; கவிதைக்கு இயலும். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாகி, 2007இல் அரியலூர் அதனின்றும் நிலையாகப் பிரிந்த பிறகும், இவ்விரண்டு மண்ணுக்கும் பொதுவான நினைவுகள் பல உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பாடாத கவிஞர் நம்மிடையே இல்லை. இரஞ்சன்குடிக் கோட்டையைப் பாடியோரும் மதிலையும் அகழியையுமே பாடினர்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்தப் பாறையின் கீழே ஓர் இரவில் எரிந்த பேட்டையின் மக்கள், காலையில் காரணம் அறியாமல் ஓடிய கூலிப்படையினர், ஓடாமல் நின்று பிணம் சுமந்த ஆப்பிரிக்கர், இரு படைகளுக்கு நடுவே திகைத்த கில்லேதார் ஆகியோருக்கு இன்னும் ஒரு பாட்டுமில்லை. வென்ற கிளைவுக்கு இலண்டனில் சிலை இருக்கிறது. அஞ்சியவர்களையும் அஞ்சாமல் நின்ற பெயரற்றவர்களையும் பாட வேண்டிய கடன் அவர்கள் நின்ற மண்ணில் வாழும் நமக்கு உரியது. அடுத்த மலரில் அப்பாடல்களைக் காண விழைகிறேன்.